திகில் படத் தொடக்கக் காட்சி (மாணவர் பயிற்சி)

திகில் படத்தின் முதல் இரண்டு நிமிடங்களைப் பயிற்சிக்காக எடுக்கும் மாணவர்கள், முன்பு வந்த படங்களின் தொடக்கத்தை ஷாட் ஷாட்டாகப் பிரித்துப் பார்ப்பது வழக்கம். ஷாட்டின் நீளம், கேமரா நிற்கும் இடம், ஒலி, பெயர்கள் திரையில் விழும் நேரம் எல்லாம் தாளில் ஏறும். தமிழில் இதற்கு முதற்பாடம் எஸ். பாலசந்தர் இயக்கிய ‘அந்த நாள்’ (1954). துப்பாக்கி வெடிக்கிறது, சிவாஜி கணேசன் சரிகிறார், சுட்டவர் யார் என்பது மறைக்கப்படுகிறது. நாயகனை எடுத்த எடுப்பிலேயே கொன்றுவிட்டு, பாட்டே இல்லாமல் கதையை நடத்திய துணிச்சல் இன்றும் அரிது. மாணவர் எடுத்துக்கொள்ள வேண்டியது துப்பாக்கியை அல்ல, அந்த மறைப்பை. திரைப்படக் கல்லூரியில் பயின்றவர்கள் கூடி எடுத்த ‘ஊமை விழிகள்’ (1986) இன்னொரு பாடம்.

இனி படமெடுக்கும் இடத்துக்கு வந்தால், ஏற்காட்டு மலையில் வாழவந்தி போன்ற ஊர்களின் காபித் தோட்டப் பாதையும் மூடுபனியும் செலவில்லாமல் கிடைக்கும் அரங்கம். ஆனால் பனி நிமிடத்துக்கு நிமிடம் அடர்த்தி மாறும். காட்சித் தொடர்ச்சி கெடும். ஆகவே பாதை முழுதும் தெரியும் ஷாட்டுகளை ஒரே மூச்சில் முடித்துவிட்டு, குளோசப்புகளைப் பிறகு எடுப்பதே நல்லது.