வெயிலூரில் ஒரு மப்ளர்

மார்கழி மாதத்து விடியற்காலையில் மதுரைச் சித்திரை வீதியில் நின்று பார்த்தால் ஒரு வேடிக்கையைக் காணலாம். கோயிலுக்குப் போகிற பெரியவர்களில் பலர் தலையையும் காதையும் சேர்த்து மப்ளரால் கட்டிக்கொண்டிருப்பார்கள். பால்காரர் தலையில் குரங்குக் குல்லாய் இருக்கும். டீக்கடை வாசலில் உட்கார்ந்திருக்கும் பாட்டனாருடைய மூக்கும் மீசையும் மட்டுந்தான் வெளியே தெரியும்.

வடக்கேயிருந்து வந்திருந்த நண்பர் ஒருவரை ஒரு மார்கழியில் அந்த வழியாக அழைத்துப் போனேன். "இன்றைக்கு எத்தனை டிகிரி இருக்கும்?" என்று கேட்டார். "இருபது இருக்கலாம்" என்றேன். "இந்தக் குளிருக்கு எங்கள் ஊரில் ஜன்னலைத் திறந்து வைப்போம்" என்று சொல்லி விழுந்து விழுந்து சிரித்தார். நானும் மரியாதைக்குச் சிரித்து வைத்தேன். ஆனால் மப்ளர் என்றால் எனக்கு அவ்வளவு எளிதாகச் சிரிப்பு வருவதில்லை. அதற்குக் காரணம் உண்டு.

மதுரை நெசவாளர் ஊர். கௌடில்யருடைய அர்த்தசாஸ்திரம் சிறந்த பருத்தித் துணிகளை வரிசைப்படுத்தும்போது மதுரைத் துணியையும் சொல்லுகிறது; அது நம் பாண்டியர் மதுரைதான் என்பது உரைகாரர்கள் கொள்கை. பிற்காலத்தில் வந்து குடியேறிய சௌராஷ்டிரர்கள் பட்டு நெய்தார்கள்; துணியில் ஆயிரக்கணக்கான சிறு முடிச்சுகள் போட்டுச் சாயத்தில் தோய்த்துச் சுங்குடிப் புடவை செய்தார்கள். 1892-ல் ஹார்வி துரைமார் இங்கே பஞ்சாலை வைத்தார்கள். கம்பளியும் இந்தச் சீமைக்குப் புதிதல்ல. குறும்பர்கள் செம்மறி ஆட்டு மயிரை நூற்றுக் கறுப்புக் கம்பளி நெய்தார்கள். ராஜகம்பளத்தார் என்று ஒரு சாதியின் பெயரிலேயே கம்பளம் விரிந்து கிடக்கிறது.

ஆனால் இவை எல்லாம் நெசவு. நெசவுக்குப் பாவு வேண்டும், ஊடு வேண்டும், தறி வேண்டும், தறியை நிறுத்த வீடு வேண்டும். பின்னலுக்கு ஒரே நூலும் இரண்டு ஊசிகளும் போதும். ஒரு கண்ணுக்குள் நூலை நுழைத்து மறு கண்ணை இழுப்பதுதான் அதிலுள்ள வித்தை முழுவதும். முன்பக்கமாக இழுத்தால் ஒரு தினுசு, பின்பக்கமாக இழுத்தால் இன்னொரு தினுசு. உலகத்திலுள்ள ஸ்வெட்டர், காலுறை, குல்லாய் அத்தனையும் இந்த இரண்டு அசைவுகளுக்குள் அடக்கம்.

இது குளிர்நாட்டார் கண்டுபிடித்த கலை என்று நான் வெகுநாள் நினைத்திருந்தேன். இன்று நமக்குக் கிடைத்திருக்கும் மிகப் பழைய பின்னல் துணிகள் எகிப்திலிருந்து கிடைத்தவை. ஏறக்குறைய ஆயிரம் ஆண்டுப் பழமையானவை. அவற்றில் பல பருத்தி நூலால் பின்னிய காலுறைகள். வெயில் நாட்டிலிருந்து புறப்பட்டுத்தான் பின்னல் ஐரோப்பாவுக்குப் போய்க் கம்பளி வேஷம் போட்டுக்கொண்டது போலும். 1589-ல் இங்கிலாந்தில் வில்லியம் லீ என்பவர் காலுறை பின்னும் இயந்திரம் செய்தார். கையால் பின்னிப் பிழைக்கும் ஏழைகள் என்ன ஆவார்கள் என்று சொல்லி எலிசபெத் மகாராணி அதற்கு உரிமை தர மறுத்ததாகக் கதை உண்டு. அந்த இயந்திரத்தின் பேரப்பிள்ளைகள்தாம் இன்று திருப்பூரில் ஓடிக்கொண்டிருக்கின்றன. மப்ளரைக் கண்டு சிரித்த என் நண்பரும் சட்டைக்குள்ளே பின்னல் துணிதான் போட்டிருந்தார். பனியன் நெய்வதல்ல, பின்னுவது.

கைவேலை நம் பெண்களிடம் வந்து சேர்ந்த வழி வேறு. 1820-ஐ ஒட்டிய ஆண்டுகளில் நாகர்கோவிலில் மார்த்தா மால்ட் என்ற பாதிரியார் மனைவி தம் பள்ளியில் பெண்களுக்கு லேஸ் பின்னக் கற்றுக் கொடுத்தார். அது பொழுதுபோக்கு அல்ல. அடிமைகளாயிருந்த குடும்பத்துப் பெண்கள் அந்த லேஸை விற்ற பணத்தால் தங்கள் விடுதலையை விலைக்கு வாங்கினார்கள். மதுரைக்கு அமெரிக்க மிஷனரிகள் 1834-ல் வந்தார்கள். காலராவும் காய்ச்சலும் அவர்களில் பலரை மண்ணுக்குள் அனுப்பவே, மிஞ்சியவர்கள் 1845-ல் கோடைக்கானல் மலைமேல் வீடு கட்டிக்கொண்டார்கள். இன்றும் அங்கே ஏரிக்கரையில் கம்பளிக் குல்லாயும் மப்ளரும்தான் முதல் வியாபாரம். சமவெளியில் பெண்கள் பள்ளிகள் பெருகப் பெருக, தையல் வகுப்பும் கூடவே வந்தது. அந்த வகுப்பில் படித்துத் தேறிய ஒரு தையல் டீச்சர் 1962-ல் எங்கள் சந்தில் குடியிருந்தார்.

1962 அக்டோபர் 20-ஆம் தேதி சீனப் படைகள் எல்லையைத் தாண்டி வந்தன. அடுத்த வாரமே தீபாவளி. அந்த வாரத்திலேயே நாடு முழுவதும் அவசர நிலை அறிவித்தார்கள். தேசப் பாதுகாப்பு நிதி தொடங்கினார்கள். பெண்கள் வளையலையும் தோட்டையும் கழற்றிக் கொடுத்தார்கள். கொடுக்கத் தங்கம் இல்லாதவர்கள் உல்லன் நூல் வாங்கினார்கள். பனியில் நிற்கும் ஜவான்களுக்காக நாடெங்கும் பெண்கள் ஸ்வெட்டர் பின்னத் தொடங்கினார்கள். வியர்வையைத் துடைத்துக்கொண்டு மதுரையிலும் பின்னினார்கள்.

என் தாயாருக்கு எழுத்து வாசனை கிடையாது. அவருடைய தம்பி, என் மாமா, ராணுவத்தில் லாரி ஓட்டிக்கொண்டிருந்தார். எந்த ஊரில் என்று தெரியாது. கடிதத்தில் ராணுவத் தபால் எண்தான் இருக்கும். அம்மா நேரே போய் டீச்சர் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்துவிட்டார்.

"டீச்சரம்மா, எனக்கும் கத்துக் குடுங்க. ஆனா எனக்குப் படிக்கத் தெரியாது."

"பூக் கட்டத் தெரியுமில்லையா அக்கா? அது போதும். மத்தது விரல் பாத்துக்கும்" என்றார் டீச்சர்.

மல்லிகை கட்டத் தெரியாத பெண் மதுரையில் ஏது? ஊசிக்குத்தான் பஞ்சம் வந்தது. சைக்கிள் கடையிலிருந்து இரண்டு பழைய சக்கரக் கம்பிகள் வாங்கி வந்தேன். அம்மியில் உரசி முனையைக் கூராக்கினோம். டீச்சர் நாற்பது கண் ஏற்றிக் கொடுத்தார். கூட்டுவது இல்லை, குறைப்பது இல்லை. போகிற வரிசையும் வருகிற வரிசையும் ஒன்றே. ஒரு சாண் அகலம், ஐந்தடி நீளம் வந்ததும் முடித்துவிட வேண்டியது. ஸ்வெட்டர் தேர்ந்த கைக்கு, மப்ளர் புதுக் கைக்கு. முதல் உலக யுத்தத்தின்போது மேல்நாடுகளில் பள்ளிக் குழந்தைகளின் கையில் கொடுத்ததும் இதே மப்ளர்தான். 1914-ன் குளிர்காலத்தில் பிரான்சுப் பதுங்குகுழிகளில் கிடந்த நம் இந்தியச் சிப்பாய்களின் கழுத்துக்கும் இப்படிப்பட்டவை போய்ச் சேர்ந்தன.

அம்மாவின் முதல் மப்ளர் தொடங்கியபோது நாற்பது கண், நடுவில் ஐம்பது, காவிரி கடலோடு கலக்கிற மாதிரி விரிந்துகொண்டே போயிற்று. டீச்சர் சிரித்துக்கொண்டே நூலைப் பிடித்து இழுத்தார். மூன்று நாள் வேலை மூன்று நிமிஷத்தில் நூலாகிவிட்டது. அம்மாவின் கண் கலங்கியது. "அழாதீங்க அக்கா. கிழிச்ச துணிதான் திரும்பாது. இதிலே எந்தத் தப்பையும் அவிழ்த்துத் திரும்பப் போடலாம்" என்றார் டீச்சர்.

நவம்பர் நடுவுக்குள் அம்மா மூன்று மப்ளர் முடித்துவிட்டார். நான்காவது பாதியில் இருந்தபோது, நவம்பர் 21-ஆம் தேதி, சீனர்களே போரை நிறுத்துவதாக அறிவித்தார்கள். யுத்தம் ஒரு மாதந்தான் நடந்தது.

பிறகு நான் புத்தகங்களில் படித்துத் தெரிந்துகொண்டது இது. ஆப்பிரிக்கப் பாலைவனத்தில் பெயர் வாங்கிய நாலாவது டிவிஷனை இமயமலைக்கு அனுப்பியிருந்தார்கள். நாம்கா சூ ஆற்றங்கரையில் நின்ற ஏழாவது பிரிகேடின் வீரர்கள் பலர் பருத்தி உடுப்போடும் கான்வாஸ் ஜோடோடும் நின்றார்கள். அக்டோபர் 20 காலையிலேயே அந்தப் பிரிகேட் சிதைந்தது. அதன் தலைவர் பிரிகேடியர் டால்வி சிறைப்பட்டு, மீண்டு வந்து, 1969-ல் அந்தக் கதையை ஒரு புத்தகமாக எழுதினார். எங்கே தவறு என்று ஆராய்ந்த ராணுவ அறிக்கை 1963-லேயே தயாராகிவிட்டது. அதை சர்க்கார் இன்றுவரை முழுதாக வெளியிடவில்லை.

அதாவது, டீச்சர் என் தாயாருக்கு முதல் நாற்பது கண்ணை ஏற்றிக் கொடுப்பதற்கு முன்பே, மப்ளர் மிகவும் தேவைப்பட்ட கழுத்துகளில் பல சாய்ந்துவிட்டன. ஒரு சேனைக்குக் குளிர்ச்சட்டை வாங்குவது, ஆண்டுகளுக்கு முன்னே உட்கார்ந்து கணக்குப் போட்டுச் செய்திருக்க வேண்டிய காரியம். அதைச் செய்ய வேண்டியவர்கள் செய்யாதபோது, எழுதப் படிக்கத் தெரியாத ஒருத்தி சைக்கிள் கம்பியை அம்மியில் தீட்ட வேண்டி வந்தது. அவளுடைய அன்பில் குறையில்லை. ஆனால் அன்பு எத்தனை வேகமாகப் பின்னினாலும், பிறருடைய அலட்சியத்துக்கு ஈடு கட்ட முடிவதில்லை. பெண்கள் பின்னிக் கொடுத்ததைப் பெருமையாகப் பேசுகிற நாம், அவர்கள் ஏன் பின்ன வேண்டி வந்தது என்பதையும் சேர்த்தே பேசவேண்டும். இதை நான் அம்மாவிடம் ஒருநாளும் சொன்னதில்லை.

பொங்கலுக்கு மாமா வந்தார். யுத்த காலம் முழுவதும் ஜபல்பூரில் இருந்தாராம். பனியைக் கண்ணால் பார்க்கவில்லையாம். அவருக்கு வெட்கமாகக்கூட இருந்தது. அம்மா ஒரு கணம் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அப்போ என் மப்ளரை வேற யாரோ ஒருத்தியோட தம்பி போட்டிருப்பான். போடட்டும்" என்றார்.

அந்த நான்காவது மப்ளர், பாதியோடு, கம்பியிலேயே என் பெட்டியில் இருக்கிறது. எண்ணிப் பார்த்திருக்கிறேன். சரியாக நாற்பது கண். நூல் நல்ல நூல். அவிழ்த்துப் பேத்திக்கு ஒரு குல்லாய் பின்னிவிடலாம் என்று வீட்டில் சொல்லுகிறார்கள். அவிழ்க்க எனக்கு மனம் வரவில்லை.