நாட் கட்டிய வீடு

ஹாலிவுட்டில் இசைத்தட்டுகளை அடுக்கிவைத்த மாதிரி ஒரு வட்டக் கட்டடம் இருக்கிறது. 1956-இல் திறந்த கேபிடல் ரெக்கார்ட்ஸ் தலைமையகம். 'நாட் கட்டிய வீடு' என்பது அதன் செல்லப்பெயர். நாட் கிங் கோலின் பாட்டுகள் அந்த நிறுவனத்துக்கு அவ்வளவு காசு கொட்டியிருந்தன.

கோல் 1919-இல் அலபாமாவின் மாண்ட்கோமரியில் பிறந்தார், சிகாகோவில் வளர்ந்தார். அப்பா தேவாலயப் போதகர். பியானோ சொல்லிக்கொடுத்தது அம்மா. முப்பதுகளின் கடைசியில் லாஸ் ஏஞ்சலஸில் டிரம்ஸே இல்லாமல் பியானோ, கிட்டார், பாஸ் என்று மூன்றே பேரோடு ஒரு ஜாஸ் குழு அமைத்தார். முதலில் பெயர் வாங்கித் தந்தது விரல்கள்தான். குரல் அப்புறம்தான் முன்னுக்கு வந்தது. 1948-இல் 'நேச்சர் பாய்', 1950-இல் 'மோனா லிசா'. காதுக்குப் பக்கத்தில் வந்து பேசுற மாதிரியான குரல். வெள்ளைக்காரக் குடும்பங்களும் அந்தத் தட்டுகளை வாங்கி வரவேற்பறையில் சுழலவிட்டன.

சரி, ஆளை உள்ளே விட்டார்களா?

1948-இல் லாஸ் ஏஞ்சலஸின் ஹான்காக் பார்க்கில் அவர் வீடு வாங்கினார். கறுப்பினத்தவருக்கு வீடு விற்கக்கூடாது என்கிற ஒப்பந்தங்களை நீதிமன்றங்கள் அமல்படுத்தக்கூடாது என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்த அதே வருஷம். ஆனாலும் அக்கம்பக்கத்தார் கூடி வந்து, வேண்டாதவர்கள் இங்கே குடிவருவது பிடிக்கவில்லை என்றார்கள். எனக்கும்தான், அப்படி யாரையாவது பார்த்தால் முதல் புகார் என்னுடையதாக இருக்கும் என்றாராம் கோல். வீட்டை விடவில்லை.

1956 ஏப்ரலில், பிறந்த மாநிலத்தின் பர்மிங்ஹாம் நகரில், வெள்ளையர்களுக்கு மட்டுமான கச்சேரி. பாடிக்கொண்டிருக்கும்போதே இனவெறியர்கள் மேடையேறி அவரைக் கீழே தள்ளினார்கள். அடிபட்டவருக்கு இன்னொரு பக்கமிருந்தும் அடி: பிரிவினை அரங்கில் ஏன் பாடப் போனாய் என்று கறுப்பினப் பத்திரிகைகள் கேட்டன. நியாயமான கேள்விதான். பிறகு அவர் கறுப்பின உரிமைக்கான என்.ஏ.ஏ.சி.பி. அமைப்பில் ஆயுள் உறுப்பினரானார்.

அதே ஆண்டு நவம்பரில் என்.பி.சி. தொலைக்காட்சியில் அவர் பெயரிலேயே நிகழ்ச்சி தொடங்கியது. எல்லா ஃபிட்ஸ்ஜெரால்ட், ஹாரி பெலஃபான்டே போன்றவர்கள் சொற்பச் சம்பளத்துக்கு வந்து பாடிக்கொடுத்தார்கள். நியூயார்க் பக்கம் ஒரு பியர் கம்பெனி விளம்பரம் தந்தது. நாடு முழுக்க ஒளிபரப்பாகும் விளம்பரத்துக்கு மட்டும் ஒருத்தரும் வரவில்லை. தெற்கில் சரக்கு விற்காமல் போயிடுமோ என்கிற பயம். 1957 டிசம்பரில் கோலே நிகழ்ச்சியை முடித்துக்கொண்டார். விளம்பர உலகத்துக்கு இருட்டைக் கண்டால் பயம் என்பது அவர் சொன்ன பிரபலமான வாசகம்.

1965-இல் நுரையீரல் புற்றுநோய் அவரைக் கொண்டுபோனது. வயசு 45. விடாமல் சிகரெட் பிடித்தவர்.

திறமை இருந்தால் மத்ததெல்லாம் தானா மாறிடும் என்று சொல்வார்கள். திறமை, விற்பனை, பணிவு மூன்றுமே கோலிடம் இருந்தன. ஒரு கம்பெனிக்குக் கோபுரம் எழுப்ப அவை போதுமானதாக இருந்தன. வாரம் ஒருமுறை டிவியில் அவர் முகம் தெரிவதற்குப் போதவில்லை.