ஹெல்பொடவிலிருந்து லண்டனுக்கு

1998 ஜூன் 29ஆம் திகதி லண்டன் தேயிலை ஏலம் கடைசித் தடவையாக நடந்தது. 1679இல் தொடங்கிய வழக்கம் அன்றோடு முடிந்தது. கடைசியாக விலைபோனது இலங்கை மலையகத்துப் பெட்டி ஒன்று: ஹெல்பொட தோட்டத்தின் ஃபிளவரி பீக்கோ, 44 கிலோ. ஹாரோகேட் நகரின் டெய்லர்ஸ் நிறுவனம் அதைக் கிலோ 555 பவுண் கொடுத்து எடுத்தது.

கட்டுநாயக்கவில் விமானம் ஏறுகிறவருக்கு ஹீத்ரோ ஏறத்தாழ 8,700 கிலோமீற்றர். பதினொரு மணித்தியாலப் பறப்பு. தேயிலைக்கு அந்த வழி பெரும்பாலும் வாய்ப்பதில்லை. அதன் பயணம் தொழிலாளர்கள் விடியற்காலையில் கூடும் பெரட்டுக்களத்தில் தொடங்குகிறது.

பெண்கள் மலையேறி இரண்டு இலையும் ஒரு மொட்டுமாகக் கிள்ளுகிறார்கள். கூடையில் அழுத்தினால் கொழுந்து சூடேறிக் கெடும் என்பதால் நிறுவை முடிந்ததும் அன்றைக்கே அது தொழிற்சாலைக்குப் போயாக வேண்டும். அங்கே இரவு முழுக்கக் காற்றில் வாடும். பிறகு ரோலரில் நசுங்கி, பரப்பிய இடத்தில் செம்புநிறமாகி, சூட்டில் காய்ந்து, சல்லடையில் தரம் பிரியும். நாலரைக் கிலோ பச்சைக் கொழுந்து ஒரு கிலோ தூளாகச் சுருங்கும்.

மலையிலிருந்து கொழும்புக்கு ஒரு காலத்தில் மாட்டுவண்டிதான் வழி. 1885இல் ரயில் நானுஓயாவைத் தொட்டது. இப்போது லொறிகள் இறக்குகின்றன. 1883இல் தொடங்கிய கொழும்பு ஏலத்தில் விலை தீர்ந்தபின் சரக்கு துறைமுகத்துக்குப் போகும். சூயஸ் கால்வாய் வழியே லண்டனுக்குக் கடல்வழி 12,000 கிலோமீற்றருக்கு மேல். வாரக்கணக்கில் ஓட வேண்டும். தோட்டக்காரர் ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துர தோட்டத்தில் செய்த தேயிலையில் 23 இறாத்தல் 1873இல் லண்டன் போனபோது கால்வாய்க்கு வயது நான்குதான். 2023 இறுதியில் அதே வழியிலுள்ள செங்கடலில் கப்பல்கள் தாக்கப்பட்ட பிறகு பல கப்பல்கள் ஆபிரிக்காவின் தென்முனையைச் சுற்றின. பயணம் பத்து நாளுக்கு மேல் நீண்டது.

இந்தக் கணக்கெல்லாம் கப்பல் கம்பனிகளின் ஏடுகளில் உண்டு. அந்த 44 கிலோவுக்குப் பின்னால் இருக்கும் மலைநடைக்கு ஏடு இல்லை. அந்தத் தூளுக்குச் சுமார் 200 கிலோ கொழுந்து வேண்டும். ஒருவர் நாளுக்குப் 18 கிலோ என்று வைத்தால், பதினொரு பெண்களின் ஒரு முழுநாள் உழைப்பு. அட்டைக்கடியும் மழையும் சறுக்கும் படிக்கட்டுமாக அவர்கள் நடந்த தூரம் எந்த விலைப்பட்டியலிலும் ஏறவில்லை. ஏலத்தில் தோட்டத்தின் பெயரும் வாங்கியவரின் பெயரும் பதிவாயின. பறித்தவர்களின் பெயர் பதிவாகவில்லை.

தேயிலையின் தூரத்தைத் துறைமுகத்திலிருந்து அளப்பது தவறு. மிகக் கடினமான பகுதி கொழுந்து மலைக்கும் நிறுவைக் களத்துக்கும் இடையில் இருக்கிறது. பறிப்பவரின் நாட்கூலியைப் பேச உட்காருகிறவர்கள் கணக்கை அங்கிருந்துதான் தொடங்க வேண்டும்.