தனித்தனிப் பெட்டிகளில் தூங்கிய தகவல்கள்

1975 முதல் 1980 வரை வட இங்கிலாந்தில் 13 பெண்களைக் கொன்றான் பீட்டர் சட்க்ளிஃப் என்ற லாரி டிரைவர். போலீஸ் அவனை விசாரிக்கவே இல்லையா? ஒன்பது முறை விசாரித்தது! தகவல்கள் மலைபோல் அட்டைகளில் குவிந்து கிடந்ததால், முன்பே விசாரித்தது தெரியாமலே சிலர் மறுபடி போய் விசாரித்துத் திரும்பினார்கள். கடைசியில் 1981 ஜனவரியில், ஷெஃபீல்டில் பொய் நம்பர் பிளேட் போட்ட காரில் சிக்கினான்.

பாடம் கற்று, 1980களில் 'ஹோம்ஸ்' என்ற கணினி அமைப்பைக் கொண்டுவந்தார்கள். ஒரு பெரிய வழக்கின் தகவல்களை ஒரே இடத்தில் தேட முடிந்தது. ஆனால் ஒரு வட்டாரப் போலீஸின் ரகசியக் குறிப்புகள் அடுத்த வட்டாரத்துக்குப் போகவில்லை.

2002-ல் சோஹம் என்ற ஊரில் இரண்டு 10 வயதுச் சிறுமிகளைக் கொன்ற இயன் ஹன்ட்லி, அங்கே ஒரு பள்ளிப் பராமரிப்பாளர். அவன்மேல் ஹம்பர்சைட் போலீஸில் ஏற்கனவே பாலியல் புகார்கள் வந்திருந்தன. வேலைக்கு எடுத்தபோது அவை பள்ளிக்கு எட்டவே இல்லை. தேசிய அளவில் ஒரு தகவல் அமைப்பு வேண்டும் என்று பிச்சர்ட் விசாரணை 2004-ல் சொன்னது. அது வர 2011 ஆனது.

இதில் ஒரு சிக்கலும் உண்டு. ஹன்ட்லி மேல் இருந்தவை நிரூபிக்கப்படாத புகார்கள். அவற்றைப் பகிர்ந்திருந்தால் இரண்டு உயிர்கள் தப்பியிருக்கலாம். அதே வழியில் நிரபராதி ஒருவரின் பெயரும் நாடு முழுக்கப் போகலாம். கணினிகளை இணைப்பது சுலபம். எதை, எத்தனை வருடம் வைத்திருப்பது என்பதுதான் கஷ்டம்.