சால்ட் லேக் ஆலயத்தின் நாற்பது ஆண்டுத் திருப்பணி

அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில், வாசாட்ச் மலைத்தொடருக்கும் பெரும் உப்பேரிக்கும் இடையே அமைந்த சால்ட் லேக் நகரத்தின் நடுவே, ஆறு கோபுரங்களோடு ஓங்கி நிற்கும் மார்மன் ஆலயம், 1853 ஆம் ஆண்டில் தொடங்கி 1893 ஆம் ஆண்டில் நிறைவெய்திய திருப்பணியாகும். இத்தனை தாமதத்துக்கும் வறுமையும் வறண்ட நிலமுமே காரணமென்று சொல்லிவிடலாம். ஆனால் அச்சமூகத்தின் முந்தைய சரித்திரத்தை அறிந்தவர்களுக்கு, இனியொரு முறை விட்டு ஓடவேண்டாத இடத்தில் இனியொரு முறை இழக்கவேண்டாத ஆலயத்தை எழுப்பவேண்டும் என்ற வைராக்கியமே அந்நாற்பது ஆண்டுகளையும் பொறுத்துக்கொள்ளச் செய்தது என்பது விளங்கும்.

ஜோசப் ஸ்மித் என்பவர் 1830 ஆம் ஆண்டில் நியூயார்க் மாநிலத்தில் ஸ்தாபித்த மார்மன் சபையார், ஒஹாயோ மாநிலத்துக் கர்ட்லண்டில் தம் முதல் ஆலயத்தைக் கட்டி 1836 மார்ச் 27 இல் பிரதிஷ்டை செய்தார்கள். கடன் தொல்லையும் உட்பூசலும் மிகுந்ததால் இரண்டே ஆண்டுகளில் அவ்வூரை விட்டுப் பெரும்பாலோர் வெளியேற நேர்ந்தது. அடுத்துக் குடியேறிய மிசூரியிலிருந்தும் ஆளுநரின் உத்தரவால் துரத்தப்பட்டு, இல்லினாய் மாநிலத்தில் மிசிசிப்பி நதிக்கரையில் நாவூ என்னும் நகரை அமைத்து, 1841 இல் மற்றோர் ஆலயத்துக்கு மூலைக்கல் நாட்டினார்கள். 1844 ஜூன் 27 அன்று கார்த்தேஜ் சிறையில் ஸ்மித்தையும் அவருடைய தமையனாரையும் ஒரு கும்பல் சுட்டுக் கொன்றது. அதன்பின், ஊரை விட்டுப் போயே தீரவேண்டும் என்று தெரிந்தும் அவர்கள் வேலையை நிறுத்தவில்லை. 1846 பிப்ரவரியில் நதியைக் கடந்து புறப்படத் தொடங்குமுன், ஐயாயிரத்துக்கும் மேற்பட்டோர் அவ்வாலயத்தில் சடங்குகளைப் பெற்றார்கள். ஆளற்ற அந்த ஆலயம் 1848 இல் தீக்கிரையாகி, 1850 இல் சுழற்காற்றினால் இடிந்தது.

கைவிட்டுப் போகப்போகும் கட்டடத்துக்காக ஏன் இத்தனை பிரயாசை என்று கேட்கத் தோன்றும். மார்மன்களுக்கு ஞாயிற்றுக்கிழமை ஆராதனை நடைபெறும் கூடங்கள் வேறு, ஆலயம் வேறு. கணவனும் மனைவியும் மரணத்துக்கு அப்பாலும் பிரியாதிருக்கும் விவாகமும், இறந்துபோன முன்னோர்களுக்காக உயிருள்ளவர்கள் பெறும் ஞானஸ்நானமும் ஆலயத்திலேயே நிறைவேறும் என்பது அவர்களது சித்தாந்தம். ஆகவே ஆலயமில்லாத ஊரில் அவர்களுடைய குடும்ப பந்தம் முழுமை பெறுவதில்லை.

ஸ்மித்துக்குப் பின் சபைக்குத் தலைமையேற்று, 1847 ஜூலை 24 இல் சால்ட் லேக் பள்ளத்தாக்கை அடைந்த பிரிகம் யங், நான்கே நாட்களில் ஆலயத்துக்குரிய இடத்தைக் குறித்தார். 1853 ஏப்ரல் 6 இல் மூலைக்கற்கள் வைக்கப்பட்டன; ட்ரூமன் ஏஞ்சல் கட்டடச் சிற்பியாக அமர்ந்தார். 1857 இல் அமெரிக்க சர்க்கார் யூட்டாவுக்குப் படையனுப்பியபோது, பழைய அனுபவத்தை மறவாத ஜனங்கள் அஸ்திவாரத்தை மண்ணால் மூடி, உழுத வயலென்று தோன்றும்படி செய்துவிட்டு, வீடுகளைத் துறந்து தெற்கே சென்றார்கள். படை தீங்கின்றிக் கடந்துபோயிற்று. பிற்பாடு மண்ணை அகற்றிப் பார்க்கையில் மணற்கல் அஸ்திவாரத்தில் விரிசல்கள் தென்பட்டன. யங் பழுதானவற்றை அகற்றி, உறுதியான கருங்கல்லை வைத்துக் கட்டச் செய்தார். பல ஆண்டு உழைப்பு மண்ணோடு போனாலும், பழுதுள்ள அடித்தளத்தின்மேல் கட்டுவதற்கு அவர் இசையவில்லை.

அக்கற்கள் சுமார் இருபது மைல் தொலைவிலுள்ள லிட்டில் காட்டன்வுட் மலைக்கணவாயில் உருண்டு கிடந்த பெரும் பாறைகளிலிருந்து, கையால் துளையிட்டு ஆப்பு அறைந்து பிளக்கப்பட்டவை. ஒரு பெருங்கல்லை நான்கு ஜோடி எருதுகள் இழுத்துவரப் பல நாட்கள் பிடிக்கும். 1873 இல் கணவாய்க்கு இருப்புப்பாதை வந்த பிறகே அச்சிரமம் தணிந்தது. அடியில் ஒன்பது அடியும் உச்சியில் ஆறு அடியும் கனமுள்ள சுவர்கள் இவ்வாறே உயர்ந்தன. ரொக்கம் அருகியிருந்த அந்நாட்டில் தசமபாகமாகத் தானியமும் வெண்ணெயும் முட்டையும் வந்து குவிந்தன. பத்தில் ஒரு நாள் உழைப்பையே காணிக்கையாக்கியவர்களும் இருந்தார்கள். ஆல்ப்பைன் ஊர்க் கல்தச்சரான ஜான் மாயில், விபத்தில் ஒரு காலை இழந்த பின்னும், தாமே செதுக்கிய மரக்காலோடு இருபது மைலுக்கு மேல் நடந்து வேலைக்கு வந்தார் என்பது அவருடைய சந்ததியார் வழிவழியாகப் போற்றும் செய்தி. யங் 1877 இலும் ஏஞ்சல் 1887 இலும் காலமாயினர். இருவரும் நிறைவைக் காணவில்லை.

கடைசிச் சோதனை சட்டத்தின் வடிவில் வந்தது. சபையார் கைக்கொண்டிருந்த பலதார மணத்தை ஒடுக்க 1887 இல் இயற்றிய சட்டத்தின்படி சபையின் சொத்துகளை சர்க்கார் கைப்பற்றத் தொடங்கியது. தலைவர் வில்ஃபர்ட் உட்ரஃப் 1890 இல் அவ்வழக்கத்தைக் கைவிடும்படி பிரகடனம் வெளியிட்டார். அதனைத் தொடர்ந்தால் ஆலயங்களை இழந்து, அங்கு நடக்கும் சடங்குகளும் நின்றுபோகும் என்பதை ஒரு முக்கிய காரணமாக அவரே எடுத்துரைத்தார். உயிரைப் பணயம் வைத்தும் காத்துவந்த ஒரு வழக்கத்தை ஆலயத்தின் பொருட்டுத் துறக்க முன்வந்ததிலிருந்து, அவர்கள் உள்ளத்தில் ஆலயம் பெற்றிருந்த ஸ்தானத்தை உணரலாம்.

1892 ஏப்ரல் 6 இல் உச்சிக்கல் வைக்கப்பட்டது. சைரஸ் டாலின் வடித்த மொரோனி தேவதூதனின் பொன்முலாம் பூசிய சிலையும் அன்றே ஏற்றப்பட்டது. உட்புற வேலையை ஓராண்டில் முடிப்பதாகத் திரண்டிருந்த கூட்டம் சங்கற்பம் செய்துகொண்டது. குறித்தபடியே 1893 ஏப்ரல் 6 இல் உட்ரஃப் ஆலயத்தைப் பிரதிஷ்டை செய்தார்.

இந்நகரில் வேரூன்றிய சமூகம், இழந்ததையும் மறந்துவிடவில்லை. இடிந்த நாவூ ஆலயம் அதே மேட்டில் மீண்டும் எழுந்து, ஜோசப் ஸ்மித் கொல்லப்பட்ட தினமான ஜூன் 27 இல், 2002 ஆம் ஆண்டு பிரதிஷ்டையாயிற்று. துரத்தப்பட்ட இடத்துக்கே கட்டுமானக்காரர்களாகத் திரும்பிச் செல்லும் வல்லமையை அவர்களுக்கு அளித்தது, பழுதுபட்ட அஸ்திவாரத்தைப் பெயர்த்தெடுத்து மீண்டும் தொடங்கச் சலியாத அந்த முதல் தலைமுறையின் பொறுமையே என்பது என் துணிபு.