காஃப்மனின் தொகை நூலும் எங்கள் ஞாயிற்றுக்கிழமைகளும்

மலருக்குக் கட்டுரை கேட்டு வந்த அன்பர்கள் இரண்டு நிபந்தனை போட்டார்கள். ஆராய்ச்சிக் கட்டுரையாக இருக்க வேண்டும். வீட்டில் எல்லோரும் வாசிக்கிற மாதிரியும் இருக்க வேண்டும். ஒரே உறையில் இரண்டு கத்தி. "முயற்சி பண்ணுங்க சார்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்கள். ஆகவே எனக்கு நன்றாகத் தெரிந்த ஒரு புத்தகத்தைப் பற்றியும், அதை மட்டாஞ்சேரியில் நாங்கள் சிலர் சேர்ந்து வாசித்ததைப் பற்றியும் எழுதுகிறேன்.

புத்தகத்தின் பெயர் 'எக்ஸிஸ்டென்ஷியலிசம்: ஃப்ரம் தஸ்தயேவ்ஸ்கி டு சார்த்தர்'. தொகுத்தவர் வால்டர் காஃப்மன். 1956இல் அமெரிக்காவில் வெளிவந்து, 1975இல் விரிவாக்கப்பட்டது. என்னிடம் இருப்பது இந்த இரண்டாவது பதிப்பு. எறணாகுளத்தில் ஒரு பழைய புத்தகக் கடையில் வாங்கினேன். அட்டை அப்போதே கிழிந்திருந்தது. இருத்தலியம் என்று நாம் இன்று தமிழில் சொல்லும் தத்துவத்துக்கு ஆங்கிலம் படித்த இரண்டு தலைமுறைகள் நுழைந்த வாசல் பெரும்பாலும் இந்தப் புத்தகம்தான்.

காஃப்மன் 1921இல் ஜெர்மனியின் ஃப்ரைபர்க் நகரில் பிறந்தவர். புராட்டஸ்டன்டாக வளர்க்கப்பட்டு, சிறுவனாக இருக்கும்போதே யூத சமயத்துக்கு மாறியவர். ஹிட்லர் ஆட்சியில் அதற்கு என்ன பொருள் என்று விளக்க வேண்டியதில்லை. 1939இல் அமெரிக்காவுக்குப் போய்ச் சேர்ந்தார். 1947 முதல் 1980இல் இறக்கும்வரை பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தில் தத்துவம் கற்பித்தார். அவர் பிறந்த அதே ஃப்ரைபர்க்கில் பேராசிரியராக இருந்து, 1933இல் நாஜிக் கட்சியில் சேர்ந்தவர் ஹைடெகர். அவருக்கும் இந்தத் தொகுப்பில் காஃப்மன் இடம் கொடுத்திருக்கிறார். ஊரை விட்டுத் துரத்தப்பட்டவர், துரத்திய கட்சியில் இருந்தவரின் எழுத்தைத் தேர்ந்தெடுத்து மாணவர் கையில் கொடுக்கிறார். இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு அந்த மனிதர் மீது மதிப்புக் கூடுகிறது.

தஸ்தயேவ்ஸ்கி, கீர்க்கெகார்ட், நீட்சே, ரில்கே, காஃப்கா, ஒர்தேகா, யாஸ்பர்ஸ், ஹைடெகர், சார்த்தர், காம்யு என்று பத்துப் பேர். வேடிக்கை என்னவென்றால், இவர்களில் பாதிப் பேர் அந்தச் சொல் பிறக்கும் முன்பே இறந்தவர்கள். மீதிப் பேரில் சார்த்தரைத் தவிர மற்றவர்களுக்கு அந்தப் பட்டமே பிடிக்கவில்லை. காஃப்மனே முன்னுரையில் இதை மறைக்காமல் சொல்லிவிடுகிறார். இது ஒரு தனித் தத்துவப் பள்ளி அல்ல, பழைய தத்துவத்துக்கு எதிரான பலவிதக் கலகங்களுக்கு ஒட்டிய ஒரே சீட்டு என்பது அவர் கருத்து. சீட்டு தவறு என்று சொல்லிக்கொண்டே அதை அட்டையில் போட்டு விற்றார். சார்த்தரின் தோழி சிமோன் தெ பொவ்வாருக்கு மட்டும் பக்கமே ஒதுக்கவில்லை. அது குறைதான்.

தொகுப்பவன் ஒரு மரபை உண்டாக்கிவிடுகிறான் என்பது தமிழனுக்குப் புதிய செய்தி அல்ல. அகநானூற்றை எடுத்துக்கொள்ளுங்கள். ஒற்றைப்படை எண் பாட்டெல்லாம் பாலை; இரண்டும் எட்டும் குறிஞ்சி; நான்கு முல்லை; ஆறு மருதம்; பத்து நெய்தல். இந்தக் கணக்கு நானூறு வரைக்கும் ஓடுகிறது. பாடிய புலவர் எவருக்கும் தம் பாட்டு எந்த எண்ணில் வந்து உட்காரும் என்று தெரியாது. ஐங்குறுநூற்றைத் தொகுத்தவர் கூடலூர் கிழார்; தொகுப்பித்தவன் யானைக்கட்சேய் மாந்தரஞ்சேரல் இரும்பொறை. நாம் பிழைக்க வந்திருக்கும் இந்தச் சேர நாட்டு அரசன்தான். 'சங்க இலக்கியம்' என்று நாம் மார்தட்டுகிற பொருள் பாதி புலவர்கள் செய்தது, பாதி தொகுத்தவர்கள் செய்தது.

தமிழில் இந்தத் தத்துவம் வந்த வழி வேறு. எஸ்.வி. ராஜதுரையின் 'எக்ஸிஸ்டென்ஷியலிசம்: ஓர் அறிமுகம்' 1975இல் க்ரியா வெளியீடாக வந்தது. அது தொகை நூல் அல்ல, ஒருவரே எழுதிய அறிமுகம். பிறகு காம்யுவின் 'அந்நியன்' வெ. ஸ்ரீராமின் மொழிபெயர்ப்பில், பிரெஞ்சிலிருந்து நேரடியாக, 1980இல் வந்தது. அடுத்த ஆண்டே சுந்தர ராமசாமியின் 'ஜே.ஜே: சில குறிப்புகள்'. 1956 வரை திருவிதாங்கூர்-கொச்சி மாநிலத்தில் இருந்த நாகர்கோவிலில் உட்கார்ந்துகொண்டு, ஒரு கற்பனை மலையாள எழுத்தாளனைப் படைத்து, அவனைக் காம்யு செத்த மறுநாள், 1960 ஜனவரி 5 அன்று, சாகவும் வைத்தார் சு.ரா. கொச்சித் தமிழனான எனக்கு அந்த நாவல் பக்கத்து வீட்டுச் செய்தி மாதிரி இருந்தது.

எங்கள் வாசிப்பு வட்டம் தொடங்கியது தற்செயலாகத்தான். ஞாயிறு பிற்பகல், ஜூ டவுனுக்குப் பக்கத்தில் ஒரு மாடி அறை. ஏழெட்டுப் பேர். ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவர், கல்லூரியில் படிக்கும் பெண்கள் இருவர், பஜார் ரோட்டில் மிளகு கிட்டங்கியில் கணக்கெழுதி ஓய்வுபெற்ற அண்ணாச்சி ஒருவர், மற்றபடி என்னைப் போன்றவர்கள். பிள்ளைகளுக்குத் தமிழ் பேச வரும், எழுத்து மலையாளம்தான். நான் காஃப்மனிலிருந்து ஒரு பகுதியை வாசித்துத் தமிழில் சொல்வேன். பிறகு பேச்சு. "மலையாளத்துல அஸ்தித்வவாதம்னு சொல்வாங்க அங்கிள்" என்றாள் ஒரு பெண். தமிழாசிரியர் உடனே, "இருத்தல்ங்கறது தொல்காப்பியத்துல முல்லைக்கு உரிப்பொருளாச்சே! காத்துக்கிட்டு இருக்கறது" என்றார். எந்த ஆங்கில நூலிலும் கிடைக்காத விளக்கம் அது.

யூத வெறுப்பாளனைப் பற்றிய சார்த்தரின் பகுதியும் இத்தொகுப்பில் உண்டு. அதை 1568இல் கட்டிய பரதேசி ஜெபக்கூடத்துக்குக் கூப்பிடு தூரத்தில் வாசித்தோம். "நம்ம கொச்சியில இந்த வெறுப்பு கிடையாது" என்று ஒருவர் பெருமையாகச் சொன்னார். வெளியார் வெறுப்பு இல்லைதான். ஆனால் அடிமைகளாக இருந்து விடுவிக்கப்பட்டவர்களின் வழிவந்த யூதர்களுக்கு அதே ஜெபக்கூடத்துக்குள் சம இடம் கிடைக்கவில்லை. அதற்காக வழக்கறிஞர் ஏ.பி. சேலம் சத்தியாகிரக வழியில் போராட வேண்டியிருந்தது. இதைச் சொன்னதும் அறை அமைதியாகிவிட்டது. தமிழர் வீட்டுப் பந்திகளைப் பற்றி எல்லோருக்கும் ஏதோ ஞாபகம் வந்திருக்க வேண்டும்.

புத்தகத்தின் கடைசியில் காம்யு. சிசிபஸ் என்ற கிரேக்க அரசனுக்குத் தேவர்கள் கொடுத்த தண்டனை: ஒரு பாறையை மலையுச்சிக்கு உருட்ட வேண்டும், மேலே போனதும் அது உருண்டு கீழே வந்துவிடும், மறுபடி உருட்ட வேண்டும். முடிவே கிடையாது. அவனை இரக்கத்துக்குரியவனாகப் பார்க்கக் காம்யு மறுக்கிறார். கல்லைத் தன்னுடையதாக ஏற்றுக்கொண்டவனுக்கு அந்த ஏற்றமே நிறைவு என்கிறார். தொகுப்பில் இது நாலே பக்கம்.

அண்ணாச்சி அதுவரை அதிகம் பேசியதில்லை. திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்து இந்தத் துறைமுகத்தில் மூட்டை சுமந்தவர் அவர் தகப்பனார். சாப்பா முறை இங்கே பழையவர்களுக்குத் தெரியும். கங்காணி உலோக வில்லைகளைக் கூட்டத்துக்குள் வீசுவான். அடித்துப் பிடித்துப் பொறுக்கியவனுக்கு அன்றைக்கு வேலை. அதை எதிர்த்த போராட்டத்தில்தான் 1953 செப்டம்பர் 15 அன்று மட்டாஞ்சேரியில் துப்பாக்கிச் சூடு நடந்தது.

"கல்லாவது அவனுக்குன்னு நிச்சயமா இருந்திச்சே தம்பி" என்றார் அண்ணாச்சி. "எங்கய்யாவுக்குச் சாப்பா கெடச்சாத்தான் அன்னிக்குக் கல்லு. இல்லன்னா வெறுங்கையோட வீட்டுக்கு."

எல்லோரும் சிரித்தோம். அவர் சிரிக்கவில்லை. "அது கெடக்கட்டும். இந்த மனுசன் எதுக்கு இதச் சொல்ல வந்தாரு? இவர்ட்ட யாரு என்ன கேட்டா?"

நான் வாழ்க்கையின் பொருள், அபத்தம் என்று ஏதோ சொல்லிச் சமாளித்தேன். உண்மையில் எனக்குப் பதில் தெரியாது. முப்பது வருஷமாக அந்த நாலு பக்கத்தைத்தான் படித்திருந்தேன். காம்யுவின் முழுப் புத்தகத்தைப் பார்த்ததே இல்லை. அந்தக் கேள்வி உறுத்தவே முழு நூலை வரவழைத்தேன். 1942இல் வந்ததன் ஆங்கில மொழிபெயர்ப்பு. முதல் பக்கத்தைத் திறந்ததும் கை நடுங்கிவிட்டது. புத்தகம் எடுத்த எடுப்பில் தற்கொலையைப் பற்றிப் பேசுகிறது. வாழ்வுக்கு அர்த்தம் இல்லை என்று தோன்றினால் உயிரை விடுவதுதான் வழியா என்பது கேள்வி. இல்லை என்று காட்டத்தான் அத்தனை பக்கமும். சிசிபஸ் அந்த வாதத்தின் கடைசிப் படி. காஃப்மன் விடையை மட்டும் எடுத்து வைத்து, கேள்வியை விட்டுவிட்டார்.

அண்ணாச்சியின் மூத்த மகன் அப்படித்தான் போனான். பல வருஷம் ஆகிறது. எங்களுக்கெல்லாம் தெரியும், யாரும் பேசுவதில்லை. (இதை எழுதலாமா என்று அவரிடம் கேட்டேன். "எழுதுங்க, பேரு மட்டும் போடாதிய" என்றார்.)

அன்று சாயங்காலமே அவர் வீட்டுக்குப் போனேன். தெரியாமல் செய்துவிட்டேன் என்று சொல்லி, முதல் அத்தியாயத்தில் என்ன இருக்கிறது என்பதையும் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார்.

"நீங்க அத மொதல்ல வாசிச்சிருந்தா நான் எந்திரிச்சுப் போயிருப்பேன் தம்பி. அப்புறம் வந்திருக்கவே மாட்டேன். கடைசிய மட்டும் வாசிச்சதால உக்காந்திருந்தேன்."

பிறகு, "இப்ப அந்த மொதப் பக்கத்தச் சொல்லுங்க" என்றார்.

சொன்னேன். விளக்கு வைக்கிற நேரம் வரைக்கும் ஆனது. மதினி காப்பி கொண்டு வந்து வைத்துவிட்டு உள்ளே போகாமல் நிலைப்படியிலேயே நின்றார். நான் கிளம்பும்போது அவர்தான் கேட்டார்: "இதத் தமிழ்ல எழுதித் தர முடியுமா தம்பி? எனக்கு இங்கிலீஷும் தெரியாது, மலையாளமும் வாசிக்க வராது."

இரண்டு மாதம் பிடித்தது. ஒரு நீள நோட்டில் அந்த அத்தியாயத்தை மட்டும் எழுதிக் கொடுத்தேன். என் தமிழ் பல இடத்தில் தடுக்கும். நோட்டு இன்னும் அவர்கள் வீட்டில்தான் இருக்கிறது.

மழைக்காலம் முடிந்து வாசிப்பை மறுபடி தொடங்கியபோது, இந்தத் தடவை காம்யுவின் முழு நூலிலிருந்து ஆரம்பிக்கலாமா என்று கேட்டேன். அண்ணாச்சிதான் வேண்டாம் என்றார். "அந்தப் பழைய புஸ்தகத்து வரிசையிலயே போவோம். ரஷ்யாக்காரர்ட்ட இருந்து."