"ஆர் கொண்டுவந்தது?": ஒரு வைரஸின் எழுத்தை வாசித்த கதை

2020 ஒக்டோபரில் மினுவாங்கொட ஆடைத்தொழிற்சாலைக் கொத்தணி பற்றிய செய்தி வந்த நாட்களில் எங்கட வட்ஸ்அப் குழுவுக்குள்ள திரும்பத் திரும்ப ஓடினது ஒரே கேள்விதான்: "ஆர் கொண்டுவந்தது?" அந்தக் கேள்வியை நாங்களும் கேட்டம், மற்றவைக்கும் அனுப்பினம். அந்த மாத முடிவில், புதிதாகப் பரவும் வைரஸ் முன்பு இங்கே இருந்த வகைகளிலிருந்து வேறுபட்டது என்று ஸ்ரீ ஜயவர்த்தனபுர பல்கலைக்கழக ஆய்வாளர்கள் மரபணு வரிசையை வாசித்துச் சொன்னார்கள். 'அப்ப ஆளைப் பிடிச்சிடலாம்' என்றுதான் எங்களில் பலர் அதை விளங்கிக்கொண்டம்.

அந்த விளக்கம் எவ்வளவு சரி? இதற்குப் பதில் தேட, ஆறு வருசம் பின்னுக்கு, மேற்கு ஆபிரிக்காவுக்குப் போக வேணும்.

முதலில் முறையைப் பாப்பம். வைரஸ் தன்னைத் தானே பிரதி எடுக்கும்போது பிழை விடும். எபோலா வைரஸின் மரபணுவில் ஏறத்தாழ 19,000 எழுத்துகள் இருக்கின்றன. அது ஆளுக்கு ஆள் தொற்றிக்கொண்டு போகையில் கிட்டத்தட்ட இரண்டு வாரத்துக்கு ஒரு எழுத்து மாறும். எங்களுக்குத் தெரிந்த ஒன்றோடு ஒப்பிட்டால், இது ஏட்டுச்சுவடி மாதிரி. சிறுப்பிட்டி சி.வை. தாமோதரம்பிள்ளை 1887இல் கலித்தொகையைப் பதிப்பிக்கும்போது பல ஏடுகளைத் தேடி ஒப்பிட வேண்டியிருந்தது. ஒரே பிழை இரண்டு ஏட்டில் இருந்தால், இரண்டுக்கும் மூலம் ஒன்று என்று ஊகிக்கலாம். நோயாளிகளின் வைரஸ்களையும் இப்படித்தான் ஒப்பிட்டுக் குடும்பமரம் வரைகிறார்கள்.

இதற்கு ஒரு வரம்பும் இருக்கு. இரண்டு பேரின் வைரஸ் எழுத்துக்கு எழுத்து ஒரே மாதிரி இருந்தால், ஆர் ஆருக்குக் கொடுத்தது என்பதை அந்த எழுத்து மட்டும் வைத்துச் சொல்ல ஏலாது.

2013 கடைசியில் கினியின் ஒரு கிராமத்தில் ஒரு சின்னப் பிள்ளையோடு தொடங்கிய எபோலா, 2014 மே மாதம் பக்கத்து நாடான சியரா லியோனுக்குள் வந்தது. அங்கே கெனெமா அரசாங்க ஆஸ்பத்திரியில் லசா காய்ச்சலுக்கென்று ஏற்கனவே ஒரு பிரிவும் ஆய்வுகூடமும் இருந்தன. பொறுப்பாக இருந்தவர் டொக்டர் ஷேக் உமர் கான். நாட்டின் முதல் எபோலா நோயாளியை உறுதிப்படுத்தியது அந்த ஆய்வுகூடம்தான். இளம்பெண்ணான அந்த நோயாளி பிழைத்துக்கொண்டார்.

கெனெமாவில் எடுத்த இரத்த மாதிரிகள் அமெரிக்காவில் பார்டிஸ் சபேட்டியின் குழுவுக்குப் போயின. 78 நோயாளிகளிடமிருந்து 99 மரபணு வரிசைகள் வாசிக்கப்பட்டன. கட்டுரை வெளிவரும்வரை பொத்தி வைக்காமல், ஆரும் எடுத்துப் பார்க்கக்கூடிய பொதுத் தரவுத்தளத்தில் உடனேயே அவற்றைப் போட்டார்கள்.

அதிலிருந்து இரண்டு விஷயம் தெரிந்தது. ஒன்று, வைரஸ் விலங்கிலிருந்து மனிதருக்குத் தாவியது ஒரே ஒரு தடவை. அதற்குப் பிறகு எல்லாம் மனிதரிடமிருந்து மனிதருக்குத்தான். இது சின்ன விஷயமில்லை. ஆரம்பத்தில் ஊரூராகச் சொல்லப்பட்ட எச்சரிக்கைகளில் 'காட்டிறைச்சி சாப்பிடாதீங்கோ' என்பது முன்னுக்கு நின்றது. காலங்காலமாய் அதைச் சாப்பிட்டு ஒன்றும் நடக்காத சனம் எப்படி நம்பும்? வைரஸின் எழுத்து காட்டினதோ வேறு இடங்களை: நோயாளியைப் பராமரிக்கிற வீடு, செத்தவரைக் குளிப்பாட்டுகிற சடங்கு, கையுறை போதாத ஆஸ்பத்திரி.

மற்றது, சியரா லியோனின் முதல் நோயாளிகள் எல்லைப்பக்கத்தில் நடந்த ஒரு நாட்டு வைத்தியரின் செத்தவீட்டுக்குப் போனவர்கள். அவர்களிடம் இருந்தது ஒரு கிளை அல்ல, கினியிலிருந்து வந்த இரண்டு கிளைகள். 'இந்த ஒருத்தராலதான்' என்று கை நீட்டுகிற கதை அங்கேயே கொஞ்சம் ஆட்டம் காணுது.

ஆய்வுக்கட்டுரை 2014 ஓகஸ்ட் 28 அன்று 'சயன்ஸ்' இதழில் வெளிவந்தது. அதற்கு முன்பே அதன் ஆசிரியர்களில் ஐந்து பேர் எபோலாவால் இறந்துவிட்டார்கள்: ஷேக் உமர் கான், ம்பாலு ஃபொன்னி, அலெக்ஸ் மொய்க்போய், அலிஸ் கொவோமா, மொஹமட் ஃபுல்லா. கான் ஜூலை 29 அன்று கைலாஹுன் சிகிச்சை நிலையத்தில் இறந்தார். பரிசோதனை நிலையில் இருந்த சீமாப் என்ற மருந்து அப்போது அங்கேயே இருந்தது. மனிதரில் சோதிக்காத மருந்து, பிழைத்துப்போனால் சனத்தின் நம்பிக்கை போய்விடும் என்று யோசித்த வைத்தியர்கள் அதைக் கொடுப்பதில்லை என்று முடிவெடுத்தார்கள். கொஞ்ச நாளிலேயே அதே மருந்து லைபீரியாவில் நோய்ப்பட்ட இரண்டு அமெரிக்கர்களுக்குக் கொடுக்கப்பட்டது. கெனெமாவிலிருந்து இரத்தம் கடல் கடந்து போய் எழுத்தாக மாறி உலகத்துக்கே பயன்பட்டது. கெனெமா வைத்தியருக்குப் பக்கத்து அறையில் இருந்த மருந்து கூட வந்து சேரவில்லை.

2015இல் நிலைமை கொஞ்சம் மாறியது. உள்ளங்கைக்குள் அடங்கும் வரிசையாக்கக் கருவியையும் ஏனைய சாமான்களையும் பயணப்பெட்டிகளில் கொண்டுபோய், கினியிலேயே 142 மாதிரிகளை வாசித்தார்கள். மாதிரி கிடைத்து ஒரு நாளுக்குள் முடிவு வந்தது. எந்தத் தொற்றுச்சங்கிலி இன்னும் அறவில்லை என்பதைக் களத்தில் நிற்பவர்கள் அப்போதே தெரிந்துகொள்ளலாம். அதே வருசம் லைபீரியாவில், நோய் ஓய்ந்ததென்று நினைத்த நேரத்தில் ஒரு பெண் இறந்தார். மாதங்களுக்கு முன் குணமடைந்த ஒருவரிடமிருந்து பாலுறவு வழியாக அது தொற்றியிருக்கிறது என்பதை வைரஸின் எழுத்துத்தான் உறுதிப்படுத்தியது.

இந்தக் கொள்ளைநோயில் 28,600 பேருக்கு மேல் நோய்ப்பட்டு, 11,300 பேருக்கு மேல் இறந்தார்கள். கதை அதோடு முடியவில்லை. 2021இல் கினியில் எபோலா திரும்பவும் வந்தது. புதிதாக விலங்கிலிருந்து வந்திருக்கும் என்றுதான் எல்லாரும் நினைத்தார்கள். வாசித்துப் பார்த்தால், அது 2014 வைரஸின் நேரடி வாரிசு. இடைப்பட்ட வருசங்களில் நூறு எழுத்துக்கு மேல் மாறியிருக்க வேணும், ஆனால் மாறியிருந்தது பத்துப் பன்னிரண்டு அளவில்தான். அதாவது குணமடைந்த ஆரோ ஒருவரின் உடலுக்குள் அது வருசக்கணக்காக உறங்கியிருக்கு.

இந்த முடிவு வந்த உடனேயே, உயிர்தப்பினவர்கள் மேல் பழி திரும்பும் என்ற பயமும் வந்தது. ஏற்கனவே ஊரால் ஒதுக்கப்பட்ட சனம் அது. உயிர்தப்பினவர்களுக்கு நீண்டகாலப் பராமரிப்பும் தடுப்பூசித் திட்டமும் வேணும் என்று அந்த எழுத்தை வாசிக்கலாம். 'இவையளை ஊருக்குள்ள விடக்கூடாது' என்றும் வாசிக்கலாம். இதில் எப்படி வாசிக்கிறது என்பதை வைரஸ் தீர்மானிக்கிறதில்லை, நாங்கள்தான் தீர்மானிக்கிறம்.

மினுவாங்கொடக்குத் திரும்புவம். அந்த இரண்டாம் அலையின் வைரஸுக்குப் பிறகு பி.1.411 என்று பெயர் வந்தது. அது நாடு முழுக்கப் பரவின விதத்தை அறிய அந்த வரிசைகள் உதவின. ஆனால் முதலில் பிசிஆரில் அகப்பட்டவர்தான் முதலில் கொண்டுவந்தவர் என்று அவை எங்கேயும் சொல்லவில்லை. போர்டிங் அறைகளில் நெருங்கிக் கிடந்து வேலைக்குப் போன பெண்களை நோய்பரப்பிகளாகப் பார்த்தது எங்கட கண்கள்தான்.

அடுத்த கொள்ளைநோய் வரும்போது மரபணு வரிசை இன்னும் கெதியாய் எங்கட கைக்கு வரும். அப்ப நாங்கள் "ஆர் கொண்டுவந்தது?" என்று தொடங்காமல், "எந்த வழியால பரவுது, அங்க நிக்கிற ஆக்களுக்கு என்ன தேவை?" என்று கேட்கப் பழகியிருக்க வேணும்.